குளத்தில் நீலம் வந்த மத்தியானம்

சாயக்காவைத் தெரியாது என்று அந்தத் தெருவில் யாராவது சொன்னால், ஒன்று அவர் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காது கேட்காதவராக இருக்க வேண்டும். கடைக்குள் நின்றுகொண்டு புருஷனிடம், "என்னங்க, அடுப்பைக் குறைங்க!" என்று அவள் சொன்னால் எதிர் வரிசையில் நாலு வீட்டில் அடுப்பு குறையும். அப்படி ஒரு தொண்டை. பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை அவளே மறந்திருப்பாள். துணிக்குச் சாயம் போடுகிற அக்கா, சாயக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் வெட்கமில்லாமல் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கடை, கோயில் குளத்தின் மேற்குச் சுவருக்கு நேர் எதிரே. ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரண்டு அடுப்பு, இரண்டு அண்டா, பின்கட்டில் கொடிக்கயிறு. வெளுத்துப்போன சேலை, மங்கிய சட்டை, கல்யாண மண்டபத்துத் திரைச்சீலை எல்லாம் அங்கே வந்து மறுபிறவி எடுத்துப் போகும். புருஷன் அண்டாவைக் கிண்டுவார். அவள் பேசுவாள். வேலை அப்படிப் பிரிந்திருந்தது, இரண்டு பேருக்கும் அதில் குறை இல்லை.

சாயம் ஏற்றுவதில் கஷ்டம் அண்டாவில் இல்லை, கண்ணில் இருக்கிறது. ட்யூப் லைட்டில் பார்த்தால் ஒரு நீலம், வெயிலில் பார்த்தால் வேறு நீலம். எதை நம்புவது? சாயக்கா ஈரத் துணியை ஜன்னலுக்குக் கொண்டுபோய், குளத்துத் தண்ணீரில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். அந்த வெளிச்சம் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. ஒரு நாளும் வாடிக்கையாளர் நிறம் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை.

அந்தக் குளம்தான் கறுத்துப் போயிருந்தது. ஒரே நாளில் இல்லை. சுற்றி அடுக்குமாடி ஏறியது, சூப்பர் மார்க்கெட் வந்தது, லாட்ஜ் வந்தது. வருஷா வருஷம் ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, படியேறிப் போன கடைகளுக்குள் இப்போது படியிறங்கிப் போக வேண்டியிருந்தது. ஊர் மேலே மேலே போக, குளம் கீழே கீழே போயிற்று. முதலில் பாசி. பிறகு நுரை. ஒரு நாள் காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அதற்கப்புறம் வந்தது நாற்றம், அடேயப்பா, சாமி கும்பிட வந்தவர்கள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கும்பிட்டார்கள்.

யார் செய்தது? இதற்கு ஒரு ஆராய்ச்சி வேண்டுமா? தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது, தெருவில் நிறம் மாற்றுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். முடிந்தது கணக்கு. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது.

"என் கடைத் தண்ணி தெருச் சாக்கடைல போகுதுங்க! வந்து பாருங்க! மூடியைத் திறந்து காட்டுறேன்!" என்று அவள் கத்தாத நாள் இல்லை. யாரும் வந்து பார்க்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நகராட்சி சும்மா இருந்தது என்றும் சொல்லக் கூடாது. அங்கிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினவள். கோடையில் மோட்டார் வைத்துக் கறுப்புத் தண்ணீரை இறைத்தாள், மெஷின் விட்டுச் சேற்றை அள்ளினாள், தெருவிலிருந்து மழைத் தண்ணீர் உள்ளே வருகிற பெரிய வாய்க்கு ஒரு இரும்புக் கதவு போட்டாள். மழை பெய்ததும் தெருவைக் கழுவிக்கொண்டு வருகிற முதல் அழுக்கைப் பக்கத்துக் கால்வாயில் விட்டுவிட்டு, தெளிந்த பிறகு கதவைத் திறந்தால் நல்ல தண்ணீர் மட்டும் குளத்துக்கு. எல்லாம் சரி. ஆனால் இறைக்க இறைக்க, குளத்தின் அடியில் மட்டும் ஒரு கறுப்புக் குட்டை ஊறிக்கொண்டே இருந்தது. மழையே இல்லாத காலத்தில் எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர்?

இந்த நிலைமையில்தான் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்துக்குத் தலைமை மில்காரர். மாவு மில் வைத்திருப்பவர், கோயில் கமிட்டித் தலைவர், புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். நேர்மையான மனிதர், அதனால்தான் அவர் வாயில் ஒரு பழி வந்தால் ஊர் நம்பும். மனைவி போன பிறகு அவள் பேரில் கோயிலுக்குக் கை கால் கழுவும் இடமும் கழிப்பறையும் கட்டிக் கொடுத்தவர். அவருக்குப் பக்கத்தில், பார்க்கிங் கட்டுகிற கான்ட்ராக்டர் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மழைக்குள்ள அழுக்கு நிக்கலைன்னா குளத்தை மூடிடலாம்னு நகராட்சில முடிவு. வண்டி நிறுத்த இடமாவது ஆகும்" என்றார் மில்காரர். சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு சாயக்கா இருந்த பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் தெரியும், யாரால இந்தக் கதி வந்துச்சுன்னு. குளத்தைக் கொன்னவங்க நல்லா இருக்கட்டும்."

கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே, "முதல் மழைக்கு நான் போன் பண்ணுவேன் அண்ணே. கறுப்பா இருக்குன்னு சொன்னீங்கன்னா மறுநாளே மண் லாரி வந்து நிக்கும்" என்றார்.

சாயக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குளம் போகப் போகிறது. அது மட்டுமா? குளம் போன பிறகும் இந்தப் பேர் நிற்கும். கார்கள் நிற்கிற இடத்தைக் காட்டி, "முன்னாடி இது குளம், அந்தச் சாயக்காரி கொன்னுட்டா" என்று பேரன் பேத்திகளுக்குச் சொல்வார்கள். அவள் எழுந்தாள்.

"அண்ணே! நான் கொன்னேன்னு நிரூபிங்க, கடையை நானே இழுத்து மூடிட்டுப் போறேன். நிரூபிக்காம பேசுனீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்!"

"எப்படிம்மா நிரூபிக்கிறது? தண்ணி வாயைத் திறந்து சொல்லுமா?"

"சொல்லும்" என்றாள் இன்ஜினியர் பெண். அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தவள். "ஒவ்வொரு கட்டடத்துச் சாக்கடையிலயும் ஒரு கலர் ஊத்தலாம். எந்தக் கலர் குளத்துக்கு வருதோ, அவங்க தண்ணிதான் வருது. ஆனா உடம்புக்குக் கெடுதல் இல்லாத கலரா, நல்லாக் கெட்டியா, நிறைய வேணும்."

கூட்டம் மொத்தமும் திரும்பி சாயக்காவைப் பார்த்தது.

"என்னை ஏன் பார்க்கிறீங்க? கேக்குல போடுற கலர் இருக்கு. வேண்டியதைக் கரைச்சுத் தர்றேன்! எங்கிட்ட கலருக்கா பஞ்சம்?"

அப்புறம் என்ன, கல்யாண வீடு தோற்றது. அடுக்குமாடிக்குப் பச்சை. சூப்பர் மார்க்கெட்டுக்கு மஞ்சள். லாட்ஜுக்கு ஊதா. "உன் கடைக்கு?" என்று மில்காரர் கறாராகக் கேட்டார். "நீலம்!" என்றாள் சாயக்கா. "இருக்கிறதுலயே கண்ணைப் பறிக்கிற நீலமாப் போடுறேன், உங்களுக்குச் சந்தேகமே வரக் கூடாது பாருங்க."

இன்ஜினியர் பெண், "கோயில் கழிப்பறைக்கு ஒரு கலர் வைக்கலாமா?" என்று கேட்டாள்.

மில்காரர் முகம் சுருங்கியது. அதற்குள் பிளம்பர் குறுக்கே விழுந்தான். அவனுக்குப் பேர் சொட்டு. அவன் மாட்டிய எந்தக் குழாயும் நாலு சொட்டுச் சொட்டாமல் நின்றதில்லை என்பதால் ஊர் கொடுத்த பட்டம். "மேடம், அதை நான்தான் மாட்டினேன். குளம் ரொம்பினா மிச்சத் தண்ணி தெருவுக்குப் போறதுக்கு ஒரு கல் வாய்க்கால் இருக்கு பாருங்க, வடக்கு மூலைல, அதுல சேர்த்திருக்கேன். அது வெளிய போற வாய். தண்ணி வெளிய ஓடுனதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சாயக்காவும்தான் ஆட்டினாள். வெளியே போகிற வாய் வெளியேதான் போகும், இதில் சோதிக்க என்ன இருக்கிறது?

சோதனை நாள் காலையிலேயே தெரு ரெண்டுபட்டது. மொட்டை மாடியெல்லாம் தலைகள். சாயக்கா விடியும் முன்பே அடுப்பு மூட்டி வாளி வாளியாகக் கலர் கரைத்திருந்தாள். மூக்கில் பச்சை, முழங்கையில் மஞ்சள், பார்ப்பதற்கே ஒரு தினுசாக இருந்தாள். இன்ஜினியர் பெண் வரத்து வாயின் இரும்புக் கதவைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே, காய்ந்த படியில் நின்று போனில் சொல்வாள். கட்டடத்தில் நிற்கிறவர் ஊற்றுவார். எல்லாக் கண்ணும் அந்த வாய் மேலே.

"பச்சை ஊத்துங்க!"

அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டார்கள். வாய்க்குள் சலசலப்புக்கூட இல்லை. மஞ்சள் ஊற்றினார்கள். ஒன்றும் இல்லை. ஊதா. லாட்ஜ் மேனேஜர் ஊற்றிவிட்டு ஓட்டமாய் ஓடிவந்து எட்டிப் பார்த்து, "வரலைல்ல? வரலைல்ல?" என்று குதித்தார். அவர் பயம் அவருக்கு.

கடைசியாக நீலம். மில்காரர் தானே கடைக்குள் போய் நின்றுகொண்டார். சாயக்காவின் புருஷன் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நேரம் போயிற்று. கீழே இருந்த மூடியைத் திறந்தால் நீலம் தெருச் சாக்கடையில் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது. குளத்து வாயில் ஒரு துளி இல்லை.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களாய்யா!" சாயக்கா நடுத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "இனிமே எவனாவது சாயக்கடைன்னு வாயைத் திறங்க, அந்த வாய்ல சாயத்தை ஊத்துறேன்!"

மில்காரர் தலையைக் குனிந்துகொண்டு கடையை விட்டு வெளியே வந்தார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியிருக்கலாம். ஆனால் குட்டை அங்கேயேதான் கிடந்தது. இவர்களும் இல்லை, அவர்களும் இல்லை என்றால் யார்தான்?

சாயக்காவுக்கு அதைப் பற்றி நினைக்க அப்போது நேரமில்லை. சாமிக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று வாளியும் கையுமாகக் கோயிலுக்கு ஓடினாள். நீலக் கையோடு சாமி முன்னால் நிற்க முடியுமா? கை கால் கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளியை அலம்பினாள், கையைத் தேய்த்தாள், முகத்தைக் கழுவினாள். கண்ணை மூடி நின்று, "என் மானத்தைக் காப்பாத்திட்டே, அந்தக் குளத்தையும் காப்பாத்திடு" என்று சாமியிடமே கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள்.

அப்போதுதான் வெளியே அலறல் கேட்டது.

"நீலம்! ஐயோ நீலம்! நீலம் வருது!"

கத்தியவர் குளத்தை இறைக்கும் மோட்டாரை ஓட்டுகிறவர். வடக்கு மூலையில் முள்ளும் புதருமாக மண்டிக் கிடக்கிற இடத்தில், நிழலுக்காக ஒதுங்கிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் காலுக்குக் கீழே, படிக் கற்களின் இடுக்கிலிருந்து, கண்ணைப் பறிக்கிற நீலம் கசிந்து கசிந்து குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஊர் திரண்டு ஓடியது. சாயக்கா போய்ச் சேர்ந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. அது மரியாதைக்கு விட்ட வழி இல்லை.

"நீலம் யாரு கலர்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆடுன ஆட்டம் என்ன, பேசுன பேச்சு என்ன!" என்றது இன்னொரு குரல்.

மில்காரர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "நான் மன்னிப்புக் கேக்கலாம்னு வந்துட்டிருந்தேன்மா" என்று மட்டும் சொன்னார்.

சாயக்கா குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தாள். அவள் கரைத்த நீலம் அவளுக்குத் தெரியாதா? ஆயிரம் நீலத்துக்கு நடுவில் காட்டினாலும் சொல்லிவிடுவாள், அது அவளுடைய நீலம். அப்படியென்றால் இத்தனை நாளும் நான்தானா? மீனைக் கொன்றது நானா? அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஜினியர் பெண்கூட ஒன்றும் புரியாமல் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு புருஷன் வந்தார். அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கை சுத்தமாக இருந்தது.

"எங்க கழுவுன?" என்றார்.

"என்னது?"

"கையெல்லாம் நீலமா இருந்துச்சு. எங்க கழுவுன?"

நாள் முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். அது போதும். சாயக்கா வெடுக்கென்று எழுந்த வேகத்தில் பக்கத்தில் நின்ற சொட்டு தடுமாறிப் படியில் விழுந்தான்.

"நான் கோயில் குழாய்ல கழுவினேன்! வாளியை அங்கதான் அலம்புனேன்! டேய் சொட்டு, எந்திரிடா! உன் வெளிய போற வாய் எங்க இருக்கு?"

சொட்டு விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டினான். அந்தப் புதருக்குள்தான்.

"மறுபடியும் பார்த்துடலாம்" என்றாள் இன்ஜினியர் பெண். அவள் குரலும் ஏறிவிட்டது. "அக்கா, வேற கலர்! இதுவரைக்கும் யாரும் ஊத்தாத கலர்!"

சிவப்பு. கடைக்கும் கோயிலுக்கும் சாயக்கா ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு தெருவிலேயே நின்றுவிட்டது. கழிப்பறையில் ஊற்றினாள், கை கழுவும் தொட்டியில் ஊற்றினாள், குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். ஊரே வடக்கு மூலையில் குனிந்து நின்றது. முதலில் நீலம் வெளிறியது. பிறகு இடுக்கில் ஒரு ரோஜா நிறம். பிறகு சிவப்பு, சந்தேகமே இல்லாத சிவப்பு, கொடகொடவென்று.

கூட்டம் போட்ட கூச்சலில் கோயில் புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. "உள்ள வருதுடா! வெளிய போற வாய் வழியா உள்ள வருது!" வாசலில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். பெரிய வாயையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அழுக்கு பாட்டுக்குப் பின்வாசல் வழியாகக் கற்களுக்கு அடியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் பெண் புதரை வெட்டச் சொல்லி மட்டம் வைத்துப் பார்த்தாள். சொட்டு பொய் சொல்லவில்லை. அவன் மாட்டிய காலத்தில் தண்ணீர் வெளியேதான் ஓடியது. அப்புறம் ரோட்டின் மேல் ரோடு போட்டார்கள். தெரு உயர்ந்தது, வாய்க்கால் முனை தெருவுக்குக் கீழே போயிற்று, மேடேற முடியாத தண்ணீர் குளத்துப் பக்கமே திரும்பிவிட்டது. யாரைக் குற்றம் சொல்ல? ரோடு போட்டவனும் நல்லதற்குத்தான் போட்டான்.

"வாய்க்காலை அடைச்சு, இந்தக் குழாயைப் புதுச் சாக்கடைல சேர்த்துட்டா முடிஞ்சுது" என்றாள் இன்ஜினியர் பெண். "ஆனா குழாயும் வாய்க்காலும் சேர்ற இடம் கழிப்பறைச் சுவருக்கு அடியில இருக்கு. சுவரை எடுக்கணும்."

சுவர் என்றதும் கூச்சல் அடங்கியது. அந்தச் சுவரில்தான் மில்காரர் மனைவியின் பேர் பொறித்த கல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் மில்காரரைக் காணோம். மில்லுக்குப் போய்விட்டிருந்தார்.

கமிட்டித் தலைவர் சம்மதம் இல்லாமல் கோயில் சுவரில் யார் கை வைப்பது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வானமோ ஒரு பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. "இப்ப பெஞ்சா எல்லா அழுக்கும் உள்ளதான் வரும், மண் லாரியும் வந்துரும்" என்றான் சொட்டு. அதைச் சொல்வதற்கு ஒரு ஆள்!

சாயக்கா ஒற்றைச் செருப்போடு மில்லுக்கு நடந்தாள். சண்டை போடத்தான் போனாள், அதை மறைப்பானேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தானியம் போடும் வாயில் ஒன்றும் இல்லை. வெறுமனே ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே!"

"எனக்குத் தெரியும் நீ எதுக்கு வந்தேன்னு. போம்மா."

"மழை வருதுண்ணே."

"அவ உடம்பு முடியாம இருந்தப்ப கோயிலுக்கு வருவா. அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லாம பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொம்பளைங்களுக்கு ஒரு இடம் கட்டிக் குடுங்கன்னா. கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதான். அதுல போய் அழுக்குன்னு சொல்றீங்களே எல்லாரும்!"

சாயக்கா சேர்த்து வைத்திருந்த சண்டை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் குரல் குறையவில்லை, மெஷின் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது.

"குளத்தைக் கொன்னவன்னு என்னை ஊர் முன்னாடி சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் தூங்குனதில்லைண்ணே. இப்ப குளத்தை மூடினாங்கன்னா அந்தப் பேரு யார் மேல போய் விழும்? யோசிச்சீங்களா? சிவப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு ஊரே பார்த்திருக்கு. இன்னைக்கு உங்க முகத்துக்காகச் சும்மா இருப்பாங்க. நாளைக்கு? கல்லுல பேரு வேற எழுதி வச்சிருக்கீங்க. அண்ணி மேல அந்தப் பேரு விழக் கூடாதுண்ணே. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவங்க எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலை."

அவர் வெறுமனே ஓடுகிற மெஷினைப் பார்த்தார். பிறகு கை நீட்டி மெஷினை நிறுத்தினார். மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னொருத்தன் கை அந்தக் கல்லுல படக் கூடாது. நானே எடுக்கிறேன். வா."

அவரே எடுத்தார். விளிம்பில் மெதுவாகத் தட்டித் தட்டி, ஒரு கீறல் விழாமல் கல்லைப் பெயர்த்து, தோள் துண்டில் சுற்றித் திண்டில் சாய்த்து வைத்தார். "ம், இடிங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஊர் காத்திருந்தது! சம்மட்டி, மண்வெட்டி, கையில் அகப்பட்டது எல்லாம் இறங்கியது. லாட்ஜ் மேனேஜர் டையைக் கழற்றிவிட்டுச் செங்கல் சுமந்தார். சொட்டு குழாயை அறுத்துத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பினான். ஜன்மத்தில் முதல் தடவையாக ஒரு சொட்டும் சொட்டவில்லை.

கல் வாய்க்காலின் வாயை அடைக்கக் கலவை குழைத்துக்கொண்டிருந்தபோது முதல் துளி விழுந்தது. அடுத்த துளி எங்கே என்று பார்ப்பதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. மேடான தெருவிலிருந்து அந்த ஓட்டை வழியாக அழுக்குத் தண்ணீர் புகுந்து வந்தது. கலவையை வைக்க வைக்க அடித்துக்கொண்டு போயிற்று.

"பிடிக்க மாட்டேங்குது! ஏதாவது திணிக்கணும், கெட்டியா!" என்று இன்ஜினியர் பெண் கத்தினாள்.

"என்னங்க!" சாயக்காவின் குரல் மழையைத் தாண்டித் தெருவைத் தாண்டிக் கடைக்குப் போயிற்று. "மண்டபத்துத் திரைச்சீலை! எல்லாத்தையும் கொண்டாங்க!"

புருஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கனத்த திரைச்சீலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அன்றைக்குக் காலையில்தான் காய்ந்து மடித்த துணி, நல்ல மயில் நிறம். மண்டபத்துக்காரர் மொட்டை மாடியிலிருந்து "என் ஆர்டர்!" என்று அலறியது எல்லோருக்கும் கேட்டது. சாயக்கா துணியைச் சிமெண்டுக் குழம்பில் முக்கி, சாயம் பிழிகிற அதே கையால் முறுக்கிக் கொடுத்தாள். மில்காரர் வாங்கி வாயில் திணித்தார். முக்கு, முறுக்கு, திணி. முதுகில் மழை அறைகிறது, முட்டி வரை சாக்கடை ஓடுகிறது, இரண்டு பேரும் மூச்சு வாங்க, "இன்னொண்ணு குடும்மா", "பிடிங்கண்ணே", "இறுக்குங்க", "இறுக்கிட்டேன்". சீறிக்கொண்டிருந்த தண்ணீர் முனகியது. கசிந்தது. நின்றது. சொட்டு அதன் மேல் செங்கல்லை வைத்துப் பூசினான்.

தெருவில் மழை கொட்டித் தீர்த்தது. வரத்து வாயில் மறுபடி மூடி வைத்த இரும்புக் கதவுக்கு முன்னால் முதலில் கறுப்பாக, பிறகு பழுப்பாகத் தண்ணீர் வந்து பக்கத்துக் கால்வாயில் திரும்பிப் போனது. இன்ஜினியர் பெண் ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். கொட்டினாள். மறுபடி பிடித்தாள். தம்ளரை உயர்த்திக் காட்டினாள். மறுபக்கம் நின்ற ஆளின் முகம் அதில் தெரிந்தது.

"திறங்க!" என்றாள்.

கதவின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மில்காரர்தான் நின்றிருந்தார். அவர் நகர்ந்துகொண்டார். "நீ திற" என்றார் சாயக்காவிடம்.

அவள் சக்கரத்தைத் திருப்பினாள். துருப்பிடிக்காத புது இரும்பு, வழுக்கிக்கொண்டு திரும்பியது. தண்ணீர் வாயை நிறைத்துக்கொண்டு பாய்ந்து, படிப்படியாகக் குதித்து, வெறும் தரையில் போய் அடித்த சத்தத்தில் மாடிகளில் நின்றவர்கள் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள், முன்பின் பேசாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். முதல் படி மூழ்கியது. இரண்டாவது படி மூழ்கியது. மூழ்கிய படி தண்ணீருக்குள் அப்படியே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மில்காரர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தார், கேட்டார். "கான்ட்ராக்டர். குளம் எப்படி இருக்கு, காலைல லாரி அனுப்பட்டுமான்னு கேக்கிறாரு" என்று சொல்லி, போனை அப்படியே சாயக்காவிடம் நீட்டினார். "குளத்தைக் காப்பாத்துனவ நீ. நீயே பதில் சொல்லு."

ஊரே சுற்றி நின்றது. நாலு வீட்டு அடுப்பைக் குறைக்கிற தொண்டை. அவள் போனைக் காதில் வைத்தாள். "ஹலோ, ஹலோ" என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயக்காவுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது, கண்ணில் தாரை தாரையாய் ஊற்றியது, ஒரு வார்த்தை எழும்பவில்லை. பதிலுக்கு அவள் குனிந்து, கையை எட்டின மட்டும் நீட்டி, பாய்ந்து விழுகிற தண்ணீர்ப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.